பள்ளியிற் கற்ற காப்பியமும் பதுளை மலையும்

சிறு வயதிற் பள்ளியிலே படித்த பாட்டு ஒன்று, ஐம்பது வயதில் ஒரு நாள் திடீரெனப் பொருள் விளங்கி மனத்தில் வந்து நிற்பதுண்டு. படித்த அன்று அது வெறும் ஒலி. பிழையாகச் சொன்னாற் பிரம்படி விழும் என்ற அச்சமே அன்று அதற்கு உரை. வாழ்க்கை தன் பங்குக்கு ஓர் உரை எழுதிய பின்னரே பாட்டுக்கும் படித்தவருக்கும் மெய்யான அறிமுகம் ஏற்படுகிறது. இஃது எந்நாட்டிலும் நிகழ்வதுதான். ஆயினும், ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் இந்த அறிமுகம் சற்று வேறு விதமாக நிகழ்ந்தது. அங்கே பாட்டைக் கொடுத்த பள்ளி மிகச் சிறியது. பாட்டுக்கு உரை எழுதிய வாழ்க்கையோ மிகக் கடியது.

கொழும்பிலிருந்து மலை ஏறி வரும் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டிற் பதுளையை அடைந்தது. அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல என்று பாதை வளைந்து வளைந்து இறங்கும் இடமெல்லாம் இரு மருங்கும் தேயிலை. பதுளைக்கு அப்பால் பசறை, லுணுகலை, நமுனுகுலை மலைச்சாரல் எங்கும் தேயிலையே. இம்மலைகளில் வேலை செய்தோரின் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று சட்டம் சொன்னது 1907ஆம் ஆண்டில். ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கற்பிக்கத் தோட்டத்துரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பத்து வயதுக்குப் பின் என்ன என்று சட்டம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை; பிள்ளையின் பெயர் பள்ளி இடாப்பிலிருந்து தோட்டத்துச் செக்றோலுக்கு மாறிவிடும். பெண்பிள்ளைகள் அதற்கும் முன்னரே, தம்பி தங்கையரைத் தூக்கி வைத்துக்கொள்வதற்காக லயத்திலே நின்றுவிடுவர்.

நான்கு சுவர், ஒரு கூரை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. பெரும்பாலான தோட்டப் பள்ளிகளின் இலக்கணம் இதுதான். ஒரு மூலையில் அரிச்சுவடி. மறு மூலையில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும். பெரிய பிள்ளைகள் இருக்கும் பக்கத்தில் மூதுரை, நல்வழி, சில குறள்கள். இராமன் கதையும் நளன் கதையும் வசனமாக, வாசகப் புத்தகத்தில் இரண்டு மூன்று பக்கமாக வரும். அவ்வளவே காப்பியம். அந்த வாசகங்களுக்கும் மூலம் தேடினால், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய பாலபாடங்கள் வரை வழி செல்லும்.

பொருள் அறியாமல் மனனம் செய்விப்பது நல்ல கல்வியன்று என்பது யாவரும் ஒப்பும் கருத்து. அதில் உண்மை உண்டு. ஆயின், பத்து வயதிற் பள்ளியை விட்டு மலைக்குப் போகும் பிள்ளைக்கு வேறு எந்த நூல் நிலையம் இருந்தது? புத்தகத்தை மழை நனைக்கும், கறையான் அரிக்கும். தம்பிக்குக் கொடுக்க வேண்டியும் வரும். மனத்தில் ஏறியது மட்டுமே கூடையோடு மலைக்குப் போயிற்று. எனவே, இங்கு மனனத்தைப் பழிப்போர் சற்று நிதானித்தே பழிக்க வேண்டும். பொருள் சொல்ல நேரமில்லாத ஆசிரியர் பொருளைப் பின்னாளுக்குக் கடனாக வைத்தார் என்று கொள்ளலாம். அந்தக் கடன் பலருக்குத் தீரவே இல்லை என்பதும் மறைக்கத்தக்கதன்று.

திருக்குறளின் நூற்று நான்காம் அதிகாரம் உழவு. உழுது உண்பவரே வாழ்கிறார், பிறர் எல்லாம் அவர் பின்னே செல்பவர் என்று வள்ளுவர் அங்கே பேசுகிறார். தஞ்சையிலோ வன்னியிலோ இதைப் படிக்கும் பிள்ளைக்கு ஐயம் எழாது. வாசலைத் தாண்டினால் வயல். பதுளைத் தோட்டத்துப் பிள்ளைக்கோ, வயல் என்பது மலையுச்சியிலிருந்து கீழே பள்ளத்தாக்கில் தெரியும் ஒரு காட்சி. படிப்படியாக இறங்கும் அந்த வயல்கள் சிங்களக் கிராமத்தாருடையவை. தன் தந்தையும் மண்ணைக் கொத்துகிறார், கான் வெட்டுகிறார், கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறார். காலையிற் பெரட்டுக் களத்தில் நின்று அன்றைய வேலையைக் கேட்டு வாங்குகிறார். இவர் உழவரா, அல்லரா? மண்ணோடு மாயும் உழைப்பு இவருடையது, மண் இவருடையதன்று. குடியிருக்கும் காம்பராவும் வேலை உள்ளவரைதான். வள்ளுவர் வாழ்வாரென்று சொன்னவரிடையே தந்தையைச் சேர்ப்பதா, தொழுது பின் செல்வோரிடையே சேர்ப்பதா என்னும் கேள்வி பள்ளியில் எழுவதில்லை. தானும் பெரட்டுக்குப் போய் நின்ற பின்னர் எழுகிறது. அப்போது அவ்வதிகாரத்தில் தனக்கு இடம் எது என்று வாசகர் தேடுகிறார். பரிமேலழகர் உரையில் அதற்கு விடை இல்லை. பழைய நூல் ஒன்று தன்னை விட்டுவிட்டதோ என்று மனம் வருந்தும் அந்தக் கணத்திலேதான் அந்நூலை அவர் முதன் முதலாகப் படிக்கிறார் எனலாம்.

பகலிற் பள்ளி கொடுத்தது ஒன்று. இரவில் லயம் கொடுத்தது மற்றொன்று. சென்னையில் அச்சாகிய பெரிய எழுத்துப் புத்தகங்கள் கப்பலேறி மலைக்கும் வந்தன. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் விளக்கருகில் இருந்து அல்லியரசாணி மாலையையோ பவளக்கொடி மாலையையோ இராகம் போட்டுப் படிக்க, கேட்போர் சூழ்ந்திருப்பர். இவற்றையெல்லாம் புகழேந்திப் புலவர் பெயரில் ஏற்றிச் சொல்வது வழக்கம். நளவெண்பா பாடிய புலவரும் அவரே என்று பள்ளிப் பிள்ளை அறிந்திருப்பான். ஆய்வாளர் இவ்விரண்டையும் ஒருவர் தலையில் ஏற்ற மாட்டார். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒரு பாலமாக இருந்தது. ஆசிரியர் போற்றும் புலவரும் பாட்டி கேட்கும் புலவரும் ஒருவரே என்னும் எண்ணம், படிப்பென்பது லயத்துக்கு அந்நியமன்று என்று சொல்லாமற் சொல்லிற்று. ஆராய்ச்சி பிழையென்று தள்ளுவதும் சில இடங்களில் நற்பணி செய்துவிடுகிறது.

கூத்தும் அவ்வாறே. மாசி மாதத்திற் காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை, அருச்சுனன் தபசு. இம்மூன்றும் மலையகத்துக்குச் சிறப்பாக உரியவை. பாசுபதம் வேண்டித் தவம் புரியும் அருச்சுனனாக வேடமிட்டவர், நட்டு வைத்த உயர்ந்த தபசு மரத்திற் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே தப்பு முழங்கும். வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பின்னாளிற் பதுளையிலோ பண்டாரவளையிலோ மேல் வகுப்பிற் படிக்க வாய்த்த சிலருக்கு, அச்சிட்ட செய்யுளுக்குள் அந்த மரமும் நின்றிருக்கும். முருகன் வள்ளியை மணந்த கதையும் இங்கே தூரத்துக் கதையன்று. கதிர்காமம் இதே ஊவா மாகாணத்தில், மொனராகலை மாவட்டத்தில் உள்ளது. தினைப்புனத்திலே நின்று கிளி ஓட்டும் வள்ளியைக் கச்சியப்பர் பாடியபோது கொழுந்து மலையை அவர் நினைத்திருக்க முடியாது. எனினும், மலைச்சரிவில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் பெண்ணுக்குக் கந்தபுராணத்திலே வள்ளியைத்தான் முதலிற் கண்ணிற்படும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது இராமாயணம். தமிழகத்துப் பிள்ளைக்கு இலங்கை என்பது கடலுக்கு அப்பாலுள்ள பகைவனின் ஊர். எல்லவிலே வாழும் பிள்ளைக்கோ, வெல்லவாய வீதியில் விழும் அருவிக்கே இராவணன் பெயர். இராவணன் குகையென ஒன்றையும் ஊரார் காட்டுவர். கதையின்படி தான் இருப்பது இராவணன் நாடு. கதை சொல்லும் மொழியோ கம்பருடையது. கம்பரும் இராவணனைச் சிறுமைப்படுத்தவில்லை. அவன் வீரத்தையும் இசையையும் வாயாரச் சொன்னவர். ஆகவே எந்தப் பக்கம் நிற்பது என்னும் தடுமாற்றம் இங்கே இயல்பு. பிள்ளைப் பருவத்தில் அது விளையாட்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், பெரியோர்க்கு அதுவே வாழ்வின் கேள்வி ஆயிற்று. இந்நாட்டில் வேலை செய்தும் இந்நாட்டார் அல்லர். அந்நாட்டின் மொழி பேசியும் அந்நாட்டார் அல்லர்.

சேதுவைப் பற்றி வாசகப் புத்தகத்தில் ஒரு பாடம் இருக்கும்: வானரங்கள் கல் சுமந்து கடலை அடைத்தன என்று. மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியிற் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி வந்த முன்னோரும் அந்தக் கடலையே கடந்தவர்கள். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று வகுக்கப்பட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிய பேச்சு பத்தாண்டு கழித்து நடந்தது. அதே 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. திரும்பிச் சென்ற குடும்பங்கள் அதிலேதான் சென்றன. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று வீடுகள் பிரிந்தன. அயோத்தியா காண்டத்தில் இராமன் நகர் நீங்கும் பகுதியைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தவர்கள், பதுளை நிலையத்திலே பெட்டி படுக்கையுடன் நின்றவர்களை வழியனுப்பிய போது அதை மீண்டும் படித்தார்கள். இராமனுக்குப் பதினான்கு ஆண்டு என்று ஓர் எல்லை இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

இத்தகைய வாசிப்பு எழுத்தாகவும் முளைத்தது. ஹாலிஎலப் பகுதியில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஜோசப். தந்தை ஆசிரியராக இருந்த தோட்டப் பள்ளியிலே தொடங்கி, கும்பகோணத்தில் மூன்றாண்டும் பின்னர் பதுளையிலும் கற்றவர். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் சூடிக்கொண்டு தெளிவத்தை ஜோசப் ஆனார். 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவல் 1974இல் வந்தது. தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது 2013இல் அவருக்குக் கிடைத்தது. 2022இல் அவர் மறைந்தார். 1979இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுதிக்குப் பெயர் 'நாமிருக்கும் நாடே'. பாரதியின் சுதந்திரப் பள்ளுப் பாட்டைப் பள்ளியில் உரக்கப் பாடியவர் எவரும் அத்தலைப்பின் ஓசையை உடனே அறிவர்.

பாரதி 1921இல் மறைந்தவர். வராத சுதந்திரத்தை வந்ததாகவே கொண்டு பாடியவர். பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்திலே துயருற்ற இந்துப் பெண்களை எண்ணி உருகியவரும் அவரே. தோட்டத்துப் பிள்ளை தன்னைப் போன்றோரை ஒரு பெரும் புலவரின் பாட்டிற் கண்டது அங்கேதான். அவருடைய சுதந்திரப் பாட்டில், இருக்கும் நாடு பெருமிதத்தோடு ஒலிக்கிறது. அதே சொல் 1979இல், குடியுரிமை இல்லாதோர் இன்னும் இலட்சக்கணக்கில் வாழ்ந்த மலையிலிருந்து ஒரு புத்தகத்தின் முகப்பில் வந்து நின்றபோது, அதன் ஒலி கேள்வி போலவே கேட்டது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறிற்று.