நடந்துகொண்டே பதில் சொல்ல முடியுமா?

பள்ளி வேனிலிருந்து இறங்குகிறான் பத்து வயதுப் பையன். முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில். "இன்னிக்கு மிஸ் என்னடா சொல்லிக் கொடுத்தாங்க?" என்கிறார் அம்மா. அவன் நின்றுவிடுகிறான். யோசித்து, "பாட்டு" என்று சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைக்கிறான். பார்ப்பவர்கள் அடம் என்கிறார்கள். பாவம், அவன் கவனமெல்லாம் கேள்விக்கே செலவாகிவிட்டது.

நமக்கு நடை தன்போக்கில் நடக்கும். அவனைப் போல அறிவுசார் குறைபாடுள்ள பல குழந்தைகளுக்கு அதற்கும் கவனம் வேண்டும். அவர்களில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசைகள் தளர்வு, மூட்டுகளும் நெகிழ்வு. விழாமல் நிற்பதே உழைப்பு. கையில் நிறைந்த டம்ளரைக் கொடுத்தாலோ, நடந்தபடியே மிருகங்களின் பெயர் சொல்லச் சொன்னாலோ வேகம் குறைகிறது, அடிகள் சீராக விழுவதில்லை. பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்கள் பிற்பாடு அதிகம் கீழே விழுகிறார்கள் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1997-லேயே எழுதினார்கள். குழந்தைகள் விஷயத்தில் நாம் இன்னும் அசட்டையாக இருக்கிறோம்.

பிசியோதெரபி அறையில் ஒரு சோதனை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். சமதளம், சத்தமில்லாத அறை. "நல்லா நடக்கிறான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தெருவிலோ ஹாரன், குழி, குறுக்கே வரும் பைக். என் கவலையெல்லாம் இந்தத் தெருவைப் பற்றித்தான். அங்கே நாம் வேறு, "பார்த்து வா, வண்டி வருது, சீக்கிரம், பையைப் பிடி" என்று அடுக்குகிறோம். பயத்தில் சொல்வதுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு இன்னொரு வேலை. நடுரோட்டில் நின்றுவிடுகிறான்.

முதலில் நடை தேறட்டும், மற்றதெல்லாம் பிறகு என்பவர்கள் உண்டு. தள்ளாடும் கட்டத்தில் அது சரி. நடை வந்த பிறகும் வெறுங்கையோடு, வாய் மூடி நடக்கவைத்துக்கொண்டே இருந்தால் தெருவுக்கு எப்போது தயாராவான்? அதே 3 மீட்டரை அரை டம்ளர் தண்ணீரோடு நடக்கட்டும். பிறகு எண்ணிக்கொண்டே. பிறகு பள்ளி மைதானத்தில், மற்றப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே.

பெற்றோரே, அடுத்த முறை தெரபிஸ்ட்டிடம் போகும்போது, "பேசிக்கொண்டே நடக்கிறானா என்றும் பாருங்கள்" என்று கேளுங்கள். அதுவரை, ரோட்டைக் கடக்கும்போது எதுவும் கேட்காதீர்கள், எதுவும் சொல்லாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.