எல்லைக் கல்லும் பாராளுமன்றமும்

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் நடந்த காலத்தில் வழக்கு என்பது தொழிலாளர் குடும்பங்களுக்குப் புதிய சொல்லன்று. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டப்படி அரசாங்கம் ஒரு தகராறைத் தீர்ப்பு மன்றத்துக்கு அனுப்பிவிட்டால், நிர்வாகம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அங்கே பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. இரண்டு நாடுகளுக்கிடையே தகராறு என்றால் அவ்வாறு இழுத்து வரும் அதிகாரம் எவருக்கும் இல்லை. ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றமும் இசைந்து வந்த நாடுகளின் வழக்கையே விசாரிக்கும்.

அந்த இசைவை அளிப்பது யார்? மந்திரி சபையின் கையெழுத்துப் போதுமா, மக்களின் பிரதிநிதிகளைக் கேட்க வேண்டாமா? 1968ல் நமது பாராளுமன்றத்தைக் கலக்கிய கேள்வி இதுவே.

சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை இந்தியா பொதுவாக ஏற்றிருந்தாலும், காமன்வெல்த் நாடுகளுடன் எழும் தகராறுகளை விலக்கி வைத்திருந்தது. ஆகவே அந்த வழியாகப் பாகிஸ்தான் நம்மை ஹேகுக்கு அழைக்க இயலாது. 1965 ஏப்ரலில் கட்ச் உவர் நிலத்தில் சண்டை மூண்டபோது வேறு வழி காணப்பட்டது. ஜூன் 30ஆம் நாள் இரு அரசாங்கங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன: பேச்சில் முடியாவிடில் மூவர் கொண்ட நடுவர் மன்றம் தீர்ப்பளிக்கும், அத்தீர்ப்பை எக்காரணத்தாலும் மறுக்கலாகாது. இந்தியா யூகோஸ்லாவியரான பெப்லரையும், பாகிஸ்தான் ஈரானியரான என்டெசாமையும் நியமித்தன. தலைவரான ஸ்வீடன் நாட்டு லாகர்கிரென் ஐ.நா. பொதுச் செயலாளரால் நியமிக்கப்பட்டவர்.

பாகிஸ்தான் கோரியது சுமார் 3,500 சதுர மைல். 1968 பிப்ரவரி 19ஆம் நாள் வந்த தீர்ப்பு, அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை அந்நாட்டுக்கு அளித்தது. கஞ்சர்கோட்டும் சாட் பேட்டும் அதில் அடங்கும். பெப்லர் மட்டும் மாறுபட்டார்.

பாராளுமன்றம் கொதித்தது. பேருபாரி விஷயத்தில், நாட்டின் நிலத்தை அளிக்க வேண்டுமானால் அரசியலமைப்பைத் திருத்தவேண்டும் என்று 1960ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருந்தது; அவ்வாண்டிலேயே ஒன்பதாவது திருத்தமும் நிறைவேறியது. கட்சுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். கொடுத்த வாக்கை மீறினால் நாளை எந்த நாடு நம்மை நம்பும் என்றது அரசாங்கம். நம்பிக்கையில்லாத் தீர்மானமும் வந்து தோற்றது. பின்னர் மது லிமாயே உள்ளிட்டோர் சுப்ரீம் கோர்ட்டை நாடினர்.

1969 ஜனவரி 9ஆம் நாள் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான அமர்வு, கட்சுக்குத் திருத்தம் வேண்டியதில்லை என்றது. தன்னுடையதென ஐயமற்றிருக்கும் நிலத்தை அளிப்பது வேறு. ஐயத்திலிருக்கும் எல்லையைத் தெளிவுபடுத்திக்கொள்வது வேறு. தங்கவயலார்க்கு இது எளிதில் விளங்கும். 1956ல் மைசூர் அரசாங்கம் ஏற்பதற்கு முன் சுரங்கங்கள் தனித்தனிக் கம்பெனிகளின் வசமிருந்தன. இதுவரை சாம்பியன் ரீஃப், அப்பால் மைசூர் சுரங்கம் என்று சர்வேயர் அளந்து கோடிட்டால், ஒன்று மற்றொன்றுக்கு நிலத்தை விற்றதாக ஆகுமா?

ஆயினும் கட்சில் கோடு நகர்ந்தது வரைபடத்தில் மட்டுமன்று. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு, ‘எல்லை வரையறை’, ‘நிலம் விடுதல்’ என்ற இரு தொடர்களுள் எதை எழுதுவது என்பதே பாதி வழக்கு என்று தோன்றுகிறது. சட்டத்தின்படி தீர்ப்புச் சரியே. ஆனால் பாராளுமன்றத்தின் குரலுக்கு வலு இருந்த நேரம் 1965. அவ்வாண்டு ஆகஸ்டில் அவை உடன்படிக்கையை விவாதித்தபோதே கையெழுத்து உலர்ந்துவிட்டது. 1968ல் எஞ்சியது கோபம் மட்டுமே.

ஹேக் நமக்கு எப்போதும் அந்நியமாக இருந்ததுமில்லை. 2017 மே மாதம் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் மீது இந்தியாவே அங்கே முறையிட்டது. தூதரக உறவு பற்றிய வியன்னா உடன்பாட்டோடு இணைந்த நெறிமுறையை இருநாடுகளும் ஏற்றிருந்தமையால் அவ்வழி திறந்தது. 2019 ஜூலையில் தீர்ப்பும் பெரும்பாலும் நமக்குச் சார்பாகவே வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் இந்தியா புதிய ஏற்பு அறிக்கை ஒன்றை அளித்தது. காமன்வெல்த் விலக்கு அதிலும் இருக்கிறது.