முதியோரின் கால்வலிமையை அறியும் எளிய சோதனைகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த எல்லைப்புறக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. 2011ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி, கேரள மக்களில் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது வயதை எட்டியவர்கள். இந்தியா முழுவதற்கும் இவ்விகிதம் 8.6 மட்டுமே. முதியோர் மிகுந்த இந்நாட்டில், "நடமாடிக்கொண்டுதானே இருக்கிறேன்" என்று பெரியவர் ஒருவர் கூறினால் வீட்டார் அமைதியடைகின்றனர். அவ்விடை பொய்யன்று, ஆயினும் அது அளவையுமன்று. கால்வலிமை சிறுகச் சிறுகக் குறைவதால் அது அவருக்கே புலப்படுவதில்லை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னரே பலர் உண்மையை உணர்கின்றனர்.

விழுமுன் இதனை அறிய நாற்காலியும் கடிகாரமும் போதும். 1943இல் வெளியான ஹார்வர்டு படிச்சோதனை, 20 அங்குல உயரப் பெஞ்சின்மீது நிமிடத்திற்கு 30 முறையாக 5 நிமிடம் ஏறி இறங்கச் சொல்வது. இளைஞருக்கென வகுத்த அம்முறை முதியோருக்கு ஆகாது. கனடாவைச் சேர்ந்த போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்போர் 1991இல் வெளியிட்ட முறை எளிது: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர வேண்டும். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டெனக் கொள்வர்.

இதனினும் எளியது எழுந்தமரும் சோதனை. கைப்பிடியற்ற, ஏறத்தாழ 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே மடக்கிக்கொண்டு ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். 12 விநாடிக்குக் குறையாத நேரம் ஆயின், தசைநலிவு பற்றிய ஆசிய அறிஞர் குழு 2019இல் வகுத்த அளவின்படி அது குறைபாடாகும். விநாடியை எண்ணுவதற்குக் காரணமுண்டு. முதுமையில் விரைந்து சுருங்கும் தசைநார்களே முதலில் மெலிகின்றன. இடறியவர் சட்டென்று காலை ஊன்றித் தப்புவதற்கு வேண்டியவையும் அவையே.

நம்மவர்க்கு நாற்காலி மட்டும் போதுமா என்பது சிந்திக்கத்தக்கது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் உள்ள பாலராமபுரத்தின் குழித்தறி நெசவாளர், கால்களைக் குழிக்குள் விட்டுத் தரைமட்டத்தில் அமர்ந்து நெய்பவர். தரையில் அமர்ந்து உண்ணும் வழக்கமும் நம்மிடையே மறையவில்லை. பிரேசில் நாட்டு மருத்துவர் அராவுஜோவும் அவர்தம் குழுவினரும் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். முழு மதிப்பெண் 10. கையையோ முழங்காலையோ ஊன்றுந்தோறும் ஒன்று குறையும். குறைந்த மதிப்பெண் பெற்றோரிடையே, பின்வந்த ஆண்டுகளில் இறப்பு மிகுந்திருந்தது. எனினும் மூட்டுவலி உள்ளோர் இதனைத் தவிர்த்தல் நலம். அவர்களுக்கு நாற்காலியே ஏற்றது.

சோதனையின்போது ஒருவர் அருகில் நிற்க வேண்டும். அண்மையில் மாரடைப்போ அறுவைச் சிகிச்சையோ கண்டவர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. மார்புவலி, தலைசுற்றல், மிகுந்த மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்துக. ஒருமுறை கிடைத்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அதனைத் தேதியுடன் குறித்து வைத்து, ஆறு திங்கள் கழித்து அதே நாற்காலியில் மீண்டும் அளந்து ஒப்பிடுக. நேரம் கூடியிருப்பின் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அக்குறிப்பைக் காட்டலாம். இடைக்காலத்தில் நாள்தோறும் சிலமுறை எழுந்தமர்ந்து பழகுவதே தொடைத்தசைக்கு நல்ல பயிற்சி.