ரத்தம் முன்னே, நாய் பின்னே

திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டை சாலையில்தான். குளத்தூர், கீரனூர் பக்கத்து ஆட்களுக்குச் சிங்கப்பூர் பயணம் என்பது ராத்திரிச் சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு காரில் ஏறுவது, அவ்வளவுதான். சென்னைக்குப் போவதைவிட அது சுலபம். ஆனால், கூடவே வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று யாராவது நினைத்துவிட்டால் கதை மாறிவிடும். வெளிநாடு போகும் விலங்குக்குச் சான்றிதழ் தரும் மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையம் திருச்சியில் கிடையாது. சென்னையில் பள்ளிக்கரணைக்குப் போக வேண்டும், அல்லது பெங்களூருக்கு. வாசலிலேயே விமானம் பறக்கும் ஊரில் நாய்க்கு மட்டும் முதலில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தரைப் பயணம்.

இந்தப் பக்கத்தில் அப்படி நினைப்பவர்கள் இதுவரை குறைவு. காரணம் பாசக் குறைவு அல்ல. கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் பெர்மிட்டில் போகிறவர் சிங்கப்பூரில் தங்குவது டார்மிட்டரியில். மனைவி மக்களையே கூட்டிக்கொண்டு போக வழியில்லாதவர் நாயைப் பற்றி யோசிப்பாரா? நிரந்தரவாசம் வாங்கி, வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் குடியேறியவர்களுக்கும் கதவு பாதிதான் திறக்கிறது. அந்த வீடுகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய். அதுவும் அரசு அங்கீகரித்த சிறிய இனங்களில் ஒன்றாக, 40 சென்டிமீட்டர் உயரத்துக்கும் 10 கிலோ எடைக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும். பொமரேனியன், பக், ஷிட்சூ போகலாம். தோளுயரமே 65 சென்டிமீட்டரைத் தாண்டும் ராஜபாளையம் போக முடியாது. சிப்பிப்பாறையும் கன்னியும் அப்படித்தான். 2005இல் ராஜபாளையம் நாயைத் தபால்தலையில் அச்சிட்டது நம் அரசு. அந்தத் தபால்தலை ஒட்டிய கடிதம் வீவக வீட்டுக்குள் நுழையலாம், நாய் நுழைய முடியாது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கணினி வேலைக்காரர்கள், செவிலியர்கள், படிக்கப் போய் அங்கேயே தங்கிவிடும் பிள்ளைகள் என்று கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். இவர்கள் வீட்டு நாய் திண்ணையில் படுத்திருப்பதில்லை, கட்டிலில் படுத்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆனால் இவர்களில் பலரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. விசா கையில் வந்து, டிக்கெட்டும் போட்ட பிறகுதான் நாயைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது காலம் கடந்திருக்கும்.

தடை விமானக் கம்பெனியிடம் இல்லை, ரேபிஸில் இருக்கிறது. உலகில் வெறிநாய்க்கடி நோயால் இறப்பவர்களில் 36 விழுக்காட்டினர் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர். இந்த எண்ணிக்கையைப் பார்க்கிற எந்த நாடும் நம் நாயைச் சும்மா உள்ளே விடாது. அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் வைத்திருக்கும் முறையைப் பார்த்தால் அதன் தர்க்கம் விளங்கும். முதலில் நாயின் தோலுக்கடியில் அரிசி மணி அளவு மைக்ரோசிப். அதில் 15 இலக்க எண். பிறகு தடுப்பூசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அந்நாடுகள் ஏற்றுக்கொண்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நாய்க்கு முன்னால் பெரும்பாலும் அதன் ரத்தம் வெளிநாடு போய்விடுகிறது. எதிர்ப்புப் பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருந்தால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றாலும் உடனே புறப்பட முடியாது; ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும்.

அதுதான் பரீட்சையில் பாஸாகிவிட்டதே, அப்புறம் எதற்குக் காத்திருப்பு? ரேபிஸ் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியே மெல்ல மூளைக்கு ஊர்ந்து போகும். நோய் வெளிப்பட வழக்கமாக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஊசி போடுவதற்கு முந்தைய வாரம் தெருவில் கடிபட்ட நாய்க்கும் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் காட்டும். உள்ளே கிருமி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நோய் இருந்தால் அது இந்தியாவிலேயே வெளிப்படட்டும் என்பதற்குத்தான் அந்த 3 மாதம். ஆக, எல்லாம் சரியாக நடந்தால்கூட முழுதாக நாலு மாதம் ஆகிவிடும்.

எல்லாம் சரியாக நடப்பதில்லை. பெரும்பாலானவர்கள் இடறுவது வரிசையில். ஊர்க் கால்நடை மருந்தகத்திலோ இலவச முகாமிலோ வருடா வருடம் தவறாமல் ஊசி போட்டிருப்பார்கள். ஆனால் சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி அந்தக் கணக்கில் வராது. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள். சிப் வைத்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அட்டையில் தேதி மட்டும் எழுதி, மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் இல்லாமல் போனாலும் சிக்கல்தான். டாக்டர் அவசரத்தில் கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் நின்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நம் பொறுப்பு.

நாட்டுக்கு நாடு கண்டிப்பு வேறுபடும். வீட்டு நாயாகத் தன் குடும்பத்தோடு போகிற வரை கனடா அதிகம் படுத்துவதில்லை. ஆனால் ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடுகளிலிருந்து விற்பனைக்கும் தத்துக்கும் வரும் நாய்களுக்கு 2022 செப்டம்பரில் கதவடைத்துவிட்டது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதம் நிரம்பாத நாயை உள்ளே விடுவதில்லை. இந்தியாவில் ஊசி போட்ட நாய், அங்கே குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டுமே இறங்க முடியும். ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாவிட்டால் 28 நாள் தனிமை. ஆஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேராகப் போகவே முடியாது. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் போய்த் தங்கி, அங்கிருந்துதான் நுழைய வேண்டும். அதற்குப் பிறகும் மெல்போர்ன் அருகே மிக்கிள்ஹாமில் தனிமைவாசம். பணம் இருந்தால் சாதித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பை நினைத்துக்கொள்ளலாம். 2015இல் பிஸ்டல், பூ என்ற தன் இரண்டு நாய்களைத் தனி விமானத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுபோய் இறக்கினார். உடனே திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று கெடு வைத்தார் அந்நாட்டு வேளாண் அமைச்சர். நாய்கள் திரும்பிப் போயின.

விதிகள் இளகவே இளகாது என்பதும் இல்லை. 2022இல் உக்ரைன் போரின்போது நம் மாணவர்கள் பலர் செல்லப்பிராணிகளை விட்டு வர மறுத்தார்கள். மயிலாடுதுறையைச் சேர்ந்த மருத்துவ மாணவி ஒருவர் தன் பெகினீஸ் நாயோடுதான் வந்து சேர்ந்தார். அவர்களுக்காக இறக்குமதி நிபந்தனைகளை இந்திய அரசு அந்த ஒரு முறை தளர்த்தியது. ஆனால் அது போர்க்காலச் சலுகை, ஐ.டி. வேலைக்குக் கிடைக்காது.

இந்திய நாய் கடல் கடப்பதும் புதிதல்ல. பாபிலோனில் இந்திய நாய்களுக்குத் தீனி போடுவதற்காகவே நாலு கிராமங்களுக்கு வேறு வரிகளெல்லாம் விலக்கப்பட்டிருந்தன என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் செனோன் என்ற கிரேக்க அதிகாரியைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றி உயிர்விட்ட தௌரோன், இந்திய நாய். அதற்குக் கல்லறைக் கவிதை எழுதிய பாப்பிரஸ் இன்றும் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையெல்லாம் அப்போது கிடையாது.

பயணம் என்று பார்த்தால், பிரிட்டனுக்கும் துபாய்க்கும் நாய் சரக்காகத்தான் போக வேண்டும். எழுந்து நிற்கவும் திரும்பவும் இடமுள்ள பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியைப் பயணத்துக்குப் பல வாரம் முன்பே வீட்டில் திறந்து வைத்து, நாய் தானாக உள்ளே போய்ப் படுக்கப் பழக்குவது எல்லாவற்றையும்விட முக்கியம். மயக்க மருந்து கொடுத்து அனுப்புவது ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களை மூச்சுத்திணறலுக்குப் பயந்து பல விமானங்கள் ஏற்றுவதே இல்லை. ஏஜென்ட் கட்டணம் சேர்ந்தால் செலவு லட்சங்களில் போய் நிற்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு, விட்டுவிட்டே போய்விடலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது பாவம் இல்லை. பன்னிரண்டு வயது நாயைப் பெட்டிக்குள் அடைத்து லண்டன் குளிருக்கு அனுப்புவதைவிட, குளத்தூரில் அப்பத்தா போடும் சோற்றைத் தின்று, பழகிய வேப்பமர நிழலில் அது படுத்திருக்கட்டும். பாவம் என்பது வீட்டைக் காலி செய்யும் நாளில் நாயைத் தெருவில் இறக்கிவிட்டுக் காரில் ஏறுவது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! சட்டம் வந்து அறுபது வருடத்துக்கு மேலாகியும் அபராதம் இவ்வளவுதான்.

விட்டுவிட்டுப் போகிறவர்களும் புறப்படுமுன் சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை மூன்றையும் முடித்து வைப்பது நல்லது. ஒரு முறை தேறிய நாய்க்கு, ஊசி ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டு வந்தால், பிரிட்டனும் ஐரோப்பாவும் மறுபரிசோதனை கேட்பதில்லை. இந்தப் பக்கத்தில் வீட்டுக்காரர் முதலில் போய்க் காலூன்றி, வீடு பார்த்து, அப்புறம் குடும்பத்தை அழைத்துக்கொள்வது வழக்கம்தானே. நாயையும் அப்படியே அழைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, நாய் பயணப்படும் தேதிக்கும் உடையவர் பயணப்படும் தேதிக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. இருந்தால் வியாபார நாய் என்று வேறு விதிக்குள் தள்ளிவிடுவார்கள். அதனால் முதல் லீவுக்கு ஊருக்கு வரும்போதே திரும்பும் டிக்கெட்டை நாயோடு சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை வருடாந்தர ஊசித் தேதியை அப்பத்தாவிடம் சொல்லி வைத்தால் மட்டும் போதாது, காலண்டரிலும் எழுதி வைக்க வேண்டும்.