எந்த நாடு என்று கேட்கும் வைஃபை

புனேயில் ஒரு மாணவர் ராஸ்பெர்ரி பை கணினி வாங்கி, டெஸ்க்டாப் இல்லாத அதன் 'லைட்' பதிப்பு லினக்ஸை ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் வரவில்லை. ரவுட்டரை அணைத்துப் போடுகிறார், பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார். இரண்டுமே வீண். 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று தட்டினால் 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்று திரை சொல்லும். கருவியில் பழுதில்லை. தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது தெரியாததால் அது அலையை வெளியே விடாமல் இருக்கிறது. 2018-ல் வந்த 3பி+ மாடலிலிருந்து இதுதான் வழக்கம். 'ராஸ்பி-கான்ஃபிக்' மெனுவுக்குள் போய் நாம்தான் நாட்டைச் சொல்ல வேண்டும்.

ஒரு குட்டிச் சில்லுக்கு இவ்வளவு கட்டுப்பாடு ஏன்? ரேடியோ அலையை எந்த அரசும் சும்மா விடுவதில்லை. 1933-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு உரிமம் வேண்டாம் என்ற அறிவிப்பு 2005 ஜனவரியில்தான் வந்தது. அந்தப் பட்டையில் நமக்கு 13 சேனல், அமெரிக்கர்களுக்கு 11.

புனேக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தில், இந்தக் கண்டிப்பின் அருமை புரியும். ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை 1970-ல் எழுப்பிய கோவிந்த் ஸ்வரூப், அங்கே 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களால் ஆன இன்னொரு ரேடியோ தொலைநோக்கியை நிறுவினார். விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் ரேடியோ அலை அவ்வளவு நலிந்தது. பக்கத்து அறைக் கணினியின் மின் இரைச்சல்கூட அதை மூழ்கடிக்கும். அதனால் தொலைநோக்கிக்காரர்கள் தங்கள் கருவிகளையே உலோகத் தடுப்புக்குள் வைக்கிறார்கள்.

நாடுவாரியான இந்த ரேடியோ விதிகளை லினக்ஸ் சில கிலோபைட் அளவுள்ள ஒரே கோப்பில் வைத்திருக்கிறது. அதற்கு டிஜிட்டல் கையொப்பம் உண்டு. யாராவது சக்தி வரம்பைத் திருத்தி வைத்தால் கையொப்பம் பொருந்தாது, கெர்னல் கோப்பை ஏற்காது. உலகச் சட்டங்கள் இத்தனை சிறிய இடத்தில் அடங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பழைய லேப்டாப்புக்கான எடை குறைந்த லினக்ஸ் சிலவற்றில் இந்தக் கோப்பையே விட்டுவிடுகிறார்கள். அப்போது 'ஐடபிள்யூ ரெக் கெட்' கட்டளைக்கு 'கன்ட்ரி 00' என்று பதில் வரும். எங்கேயும் வம்பு வராத பொது விதி அது: 12, 13-ம் சேனல்களில் கேட்கலாம், முதலில் பேசக் கூடாது. 'யூஎஸ்' என்று இருந்தாலோ அந்த இரண்டையும் கேட்கவே கேட்காது. ரவுட்டர் 13-ம் சேனலில், அதாவது 2472 மெகாஹெர்ட்ஸில் இருந்தால், போனில் பளிச்சென்று தெரியும் வைஃபை லேப்டாப்பில் மட்டும் இருக்காது. பாஸ்வேர்டைச் சந்தேகிப்பதற்கு முன் இதைப் பார்ப்பதே சரி என்பேன். அந்தக் கோப்புள்ள தொகுப்பை நிறுவி, நாட்டை 'ஐஎன்' என்று மாற்றினால் போதும்.

அதற்குப் பிறகும் வராவிட்டால் 'டிமெஸ்ஜ்' கட்டளை காட்டும் பதிவைப் படிக்க வேண்டும். ஃபர்ம்வேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'எரர் -2' என்று இருந்தால், வைஃபை சில்லுக்கு வேண்டிய கோப்பு வட்டில் இல்லை என்று பொருள். போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, டெதரிங் போட்டு அதை இறக்கிக்கொள்ளலாம்.