கப்பலேறிய பாட்டன் எங்கே?

“நம் பாட்டனுக்குப் பாட்டனைக் கப்பலேற்றி விட்டார்களாம். அப்புறம் சேதியே இல்லையாம்!”

சில குடும்பங்களில் பரம்பரையாக இப்படி ஒரு பேச்சு உண்டு. தீவாந்தர சிட்சை பெற்றுப் போனவர் எந்தத் தீவுக்குப் போனார்? என்ன ஆனார்? இத்தனை காலம் கழித்து அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

பல சமயங்களில் முடியும். கைதி என்றால் சோறு, சங்கிலி, காவல், கப்பல் எல்லாவற்றுக்கும் செலவு. செலவு என்றால் கணக்கு. ஆளை அனுப்பிய சர்க்காரே பேரையும் எழுதி வைத்தது.

பதினைந்து வயதுப் பையன்

சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களை வெள்ளைக்காரர்கள் 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது வயது சுமார் பதினைந்து. அவனையும் வேங்கன் பெரிய உடையத் தேவரையும் இன்னும் எழுபது பேர்வரையும் 1802-ஆம் வருஷத் தொடக்கத்தில் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். விசாரணை கிடையாது. உடையத் தேவர் அந்த வருஷமே சுமத்திரா தீவிலுள்ள பென்கூலனில் இறந்தார்.

தூத்துக்குடியில் இந்தக் கைதிகளுக்குக் காவலிருந்த அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். அவர் சின்ன மருதுவுக்குப் பழக்கமானவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றவர். சிநேகிதரின் மகனுக்கு அவரால் செய்ய முடிந்தது, சங்கிலியின் பாரத்தைக் குறைத்ததுதான்.

பதினாறு வருஷம் கழித்து

1818-இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனார். தளர்ந்து மெலிந்த ஒரு கிழவர் அவர் முன் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பேரைக் கேட்டதும் திடுக்கிட்டுப் போனார். துரைசாமி! வயது முப்பதைத்தான் தாண்டியிருக்கும். அதற்குள் கிழவராகி விட்டார்.

தம் கஷ்டத்தைப் பற்றி அவர் முறையிடவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: ஊரில் மிஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெல்ஷ் மேலிடத்தில் விசாரித்தார். கைதிகளோடு வந்த உத்தரவுப்படி அது கூடாது என்று தெரிந்தது. கடிதத்தை அவர் வாங்கவில்லை.

ஆனால் நடந்ததை எழுதினார். அவருடைய நினைவுகள் 1830-இல் லண்டனில் புத்தகமாக வந்தன. துரைசாமி தீவில் எப்படி இருந்தார் என்று இன்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

பேரில் சிக்கல்

தேடப் புறப்படுகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. குமாஸ்தா காதில் விழுந்தபடி பேரை எழுதினார். துரைசாமி ‘டோரா சுவாமி’ ஆனார். மருது ‘மர்டூ’ ஆனார். பினாங்குக்கு அன்று வெள்ளைக்காரர் வைத்த பேர் வேல்ஸ் இளவரசர் தீவு. ஆகவே ஒரு பேரை நாலைந்து விதமாக எழுதிப் பார்த்துத் தேட வேண்டும். தகப்பன் பேர், ஊர்ப் பேர், வழக்கு நடந்த வருஷம் மூன்றும் பொருந்தினால்தான் நம் ஆள் என்று கொள்ளலாம்.

வருஷம் தெரிந்தால் தீவும் பெரும்பாலும் தெரியும். 1825 முதல் சிங்கப்பூருக்கும் இந்தியக் கைதிகள் போனார்கள். அங்கே 1861-இல் திறக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் மாதாகோவிலைக் கட்டியது அவர்கள் கைதான். 1858 முதல் அந்தமானுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 1873-இல் சிங்கப்பூர்க் கைதிச் சிறை மூடப்பட்டது.

எங்கே தேடுவது?

சென்னை எழும்பூரில் 1909-இல் கட்டி முடித்த செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதுதான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கம்பெனிக் காலத்து ஜில்லாக் கடிதங்களும் கோர்ட்டு விவகாரங்களும் அங்கே இருக்கின்றன. பினாங்கு, சிங்கப்பூர்ப் பதிவேடுகள் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் கம்பெனித் தஸ்தாவேஜுகள் உண்டு.

போவதற்கு முன் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். பேர், ஊர், வழக்கு எது நினைவிருந்தாலும் எழுதி வையுங்கள். கப்பலேறியவர் எழுத நினைத்த கடிதத்தை அன்று யாரும் கொண்டுவரவில்லை. அவர் எங்கே போனார் என்பதையாவது பேரப் பிள்ளைகள் தெரிந்து கொள்ளட்டும்.