உங்கள் கம்ப்யூட்டருக்குள் விண்டோஸ் வந்தது எப்படி?

புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆப்பரேட்டிங் சிஸ்டம் எது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. விண்டோஸ்தான் இருக்கும் என்று நமக்கே தெரியும். விண்டோஸ் பயன்படுத்த எளிது என்பது இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்கும் கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கும் இடையே போடப்பட்ட லைசென்ஸ் ஒப்பந்தங்கள்.

1980 ஆம் ஆண்டு ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் கேட்டு மைக்ரோசாப்டிடம் வந்தது. டாஸ் சிஸ்டத்தைக் கொடுத்த மைக்ரோசாப்ட், அதை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐ.பி.எம். கம்ப்யூட்டரைப் போலவே இயங்கும் கம்ப்யூட்டர்களைப் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதும், எல்லோரும் டாஸ் வாங்க மைக்ரோசாப்டிடம் வந்தார்கள்.

1988 இல் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் டி.ஆர். டாஸ் என்ற போட்டி சிஸ்டத்தை வெளியிட்டது. அதை அடுத்த ஆண்டுகளில் பிராசசர் கணக்கு லைசென்ஸ் என்ற முறை வேகமாகப் பரவியது. இதை ஓர் உதாரணத்துடன் பார்க்கலாம். ஒரு தயாரிப்பாளர் மாதம் 1,000 கம்ப்யூட்டர்களை 386 பிராசசருடன் விற்கிறார். அதில் 100 பேர் டி.ஆர். டாஸ் கேட்கிறார்கள். ஒப்பந்தப்படி 1,000 கம்ப்யூட்டர்களுக்கும் மைக்ரோசாப்டிற்குப் பணம் கட்ட வேண்டும். டி.ஆர். டாஸ் போட்ட அந்த 100 கம்ப்யூட்டர்களுக்கு இரண்டு சிஸ்டங்களின் விலையும் தயாரிப்பாளர் தலையில். ஹோட்டலில் இட்லி சாப்பிட்டவரிடம் தோசைக்கும் பில் போடுவது போலத்தான் இது. இப்படி இருந்தால் யார் இட்லி கேட்பார்கள்? ஆனால் இதில் கையெழுத்துப் போட்டால் ஒரு காப்பியின் விலை குறைவு என்பதால் தயாரிப்பாளர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

தயாரிப்பாளர்களுக்கு விற்ற எம்.எஸ். டாஸ் காப்பிகளில் இந்த முறையில் போனது 1989 இல் சுமார் 20 சதவீதம், 1993 இல் சுமார் 60 சதவீதம் என்று அமெரிக்க நீதித்துறை தன் வழக்கில் கணக்குக் காட்டியது. 1994 ஜூலையில் இந்த முறையைக் கைவிட மைக்ரோசாப்ட் சம்மதித்தது. கோர்ட் அந்தச் சமரசத்தை ஏற்றது 1995 ஆகஸ்ட் மாதம். அதே மாதம் விண்டோஸ் 95 வெளிவந்தது. டாஸ் போட்டியே அத்துடன் பழங்கதையாகிவிட்டது.

பிறகு சிக்கல் பூட் மெனுவிற்கு வந்தது. பி நிறுவனம் பிஓஎஸ் என்ற சிஸ்டத்தைத் தயாரித்தது. ஒரே நேரத்தில் பல வீடியோக்களைத் தடங்கலின்றி ஓட்டிக் காட்டிய சிஸ்டம் அது. தயாரிப்பாளர்களுக்கு இலவசமாகவே தருகிறோம் என்றது அந்த நிறுவனம். ஜப்பானில் ஹிட்டாச்சி தன் ஃப்ளோரா பிரியஸ் மாடலில் விண்டோஸ் 98 உடன் பிஓஎஸ் சிஸ்டத்தையும் பதிந்து விற்றது. ஆனால் பவர் சுவிட்சைப் போட்டால் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் மெனு வராது. நேராக விண்டோஸ்தான் வரும்! வாங்கியவருடைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்த சிஸ்டத்தைத் திறக்க அவர் தனியாக வேலை செய்ய வேண்டியிருந்தது. சாப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது. தரத்தில் தோற்றால் திருத்திக்கொள்ளலாம். மெனுவில் பெயரே இல்லாவிட்டால் என்ன செய்வது?

மைக்ரோசாப்டின் லைசென்ஸ் நிபந்தனைகளே காரணம் என்று பி நிறுவனம் 2002 இல் வழக்குப் போட்டது. அதற்குள் அதன் சொத்துக்கள் 2001 இலேயே பாம் நிறுவனத்திற்கு விற்கப்பட்டிருந்தன. 2003 இல் 2 கோடியே 32.5 லட்சம் டாலர் கொடுத்து மைக்ரோசாப்ட் வழக்கை முடித்துக்கொண்டது; தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. இதற்கிடையே, அமெரிக்க அரசு தொடுத்த வேறொரு வழக்கில் 2002 நவம்பரில் வந்த தீர்ப்பு, வேறு சிஸ்டத்தையும் பூட் ஆகும்படி சேர்த்து விற்கத் தயாரிப்பாளர்களுக்கு அனுமதி கொடுத்தது.

பிஓஎஸ் போலவே இயங்கும் ஹைக்கு என்ற சிஸ்டத்தை ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாகத் தருகிறார்கள். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால், பென் டிரைவில் ஏற்றி பூட் செய்து பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.